சீதாதேவிக்கு என்ன நிறம்?

விமான சிமுலேற்றர் ஒன்றைத் திறந்தால் முதலில் வருவது பிளேனைத் தெரிவுசெய்கிற பக்கம். அங்கே ஒரே போயிங்குக்குப் பத்து உடுப்பு இருக்கும். லுப்தான்சா உடுப்பு, எமிரேற்ஸ் உடுப்பு, பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் உடுப்பு. இந்த உடுப்புக்குத்தான் லிவரி எண்டு பெயர். பிளேனின் உடலும் எஞ்சினும் பறக்கிற விதமும் மாறாது. மேலே பூசியிருக்கிற நிறமும், எழுத்தும், வாலில் இருக்கிற சின்னமும் மட்டும் மாறும். பட்டியலைக் கீழே இழுத்துக்கொண்டே போனால் உலகத்தின் முக்கால்வாசி நாடு வந்துவிடும். பலாலியில் இறங்கி ஏறின பிளேன் மட்டும் வராது.

அப்ப நாங்களே பூசுவம் எண்டு வெளிக்கிட்டம்.

நாங்கள் நாலு பேர். ஒருத்தி பிளெக்ஸ் அடிக்கிற கடையில் டிசைன் வேலை செய்கிறாள். ஒருத்தன் ஏஎல் எடுத்துவிட்டு றிசல்ற்றுக்குக் காத்திருக்கிறான். மற்ற இரண்டு பேருக்கும் பிளேன் பைத்தியத்தைத் தவிர வேறு தகுதி இல்லை. கையில் இருந்தது இரண்டாம் கையாக வாங்கின ஒரு டெஸ்க்ரொப், மாத முடிவில் தீர்ந்துபோகிற டேற்றா. இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம், இந்த வேலைக்குப் பெரிய மெஷின் வேணும் எண்டு பலர் நினைத்துக்கொண்டு தொடங்காமலே விடுகிறார்கள். படம் கீறத் தெரியவேணும் எண்டும் நினைக்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. பொறுமை வேணும், அளவுகோல் பிடிக்கிற புத்தி வேணும்.

மைக்ரோசொஃப்ற் ஃபிளைற் சிமுலேற்றரின் 2020 பதிப்பு பார்க்க அழகு. ஆனால் எங்கட மெஷின் அதைத் தாங்காது. எக்ஸ்-பிளேன் காசு கொடுத்து வாங்கவேணும், எங்களில் ஒருவரிடம் பழைய பதிப்பு இருந்தது. ஃபிளைற்கியர் முழுக்க இலவசம், அதன் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. நாங்கள் ஃபிளைற்கியரில் தொடங்கினோம். எதில் தொடங்கினாலும் பூச்சு வேலையின் அடிப்படை ஒன்றுதான். ஃபோல்டர் வைக்கிற முறை மட்டும்தான் வேறுபடும்.

அடிப்படையைப் புரிந்துகொள்ள ஒரு தையல்கடையை நினைத்துப் பாருங்கோ. தைத்து முடித்த சேட்டைத் தையலைப் பிரித்து மேசையில் விரித்தால் முன்பக்கம், பின்பக்கம், கை, கொலர் எல்லாம் தட்டையான துண்டுகளாகக் கிடக்கும். பிளேனும் அப்படித்தான். முப்பரிமாண மொடலின் தோலை உரித்து ஒரு சதுரப் படத்தில் பரப்பி வைத்திருப்பார்கள். உடலின் இடப்பக்கம் ஒரு துண்டு, வலப்பக்கம் ஒரு துண்டு, செட்டையின் மேல்பக்கம், கீழ்பக்கம், வால், எஞ்சின் மூடி எண்டு. எந்தத் துண்டு மொடலின் எந்த இடத்தில் ஒட்டவேணும் எண்ட கணக்குக்கு யூவி மப் எண்டு பெயர். நாங்கள் பூசுவது இந்தத் தட்டைப் படத்தில்தான். சிமுலேற்றர் அதை எடுத்துப் பிளேனுக்குப் போர்த்திவிடும்.

சில பிளேன்களைச் செய்தவர்கள் பூச்சுக்காரருக்கு எண்டே ஒரு பெயின்ற் கிற் கொடுத்திருப்பார்கள். அதில் தகட்டுக் கோடுகள், ஆணிப் பொட்டுகள், நிழல், யன்னல் எல்லாம் தனித்தனி லேயராக இருக்கும். அப்படியொன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் பிளேனோடு வந்த படத்தையே எடுத்து வேலைசெய்யவேணும்.

முதல் நாள் நிறம் பூசத் தொடங்காதேங்கோ. நாங்கள் முதலில் செய்தது இலக்கம் போடுகிற வேலை. அந்தச் சதுரப் படத்தை அகலவாக்கில் பதினாறு, உயரவாக்கில் பதினாறு எண்டு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு இலக்கம் எழுதி, அதைப் பிளேனுக்குப் போர்த்திப் பார்த்தோம். 37ஆம் கட்டம் விமானியின் யன்னலுக்குக் கீழே, 112 வாலின் நுனியில் எண்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டோம். எந்த இலக்கம் இழுபட்டுத் தெரிகிறது, எது சரிந்து கிடக்கிறது, எது தலைகீழாக இருக்கிறது எண்டெல்லாம் அந்த ஒரு பின்னேரத்தில் விளங்கிவிட்டது. முக்கியமாக, இலக்கம் எங்கே கண்ணாடியில் பார்த்தமாதிரி மாறித் தெரிகிறது எண்டு பாருங்கோ. சில மொடல்களில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே துண்டைத்தான் பாவித்திருப்பார்கள். அங்கே எழுத்து எழுதினால் ஒரு பக்கம் சரியாகவும் மற்றப் பக்கம் புரண்டும் வரும். அப்படிப்பட்ட மொடலை எழுத்து அதிகமில்லாத லிவரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அளவுக் கணக்கு. நாங்கள் எடுத்தது டீசி-3. 1935 டிசெம்பரில் முதன்முதலாகப் பறந்த பிளேன், நீளம் ஏறக்குறைய 19.7 மீற்றர். உடலின் ஒரு பக்கம் 2048 பிக்ஸல் அகலமான படத்தில் நுனியிலிருந்து நுனிவரை கிடந்தால், ஒரு மீற்றருக்கு 104 பிக்ஸல் வரும். அதாவது ஒரு பிக்ஸல் கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர். பிளேனின் பதிவெண் எழுத்து உடலில் ஆகக்குறைந்தது 30 சென்ரிமீற்றர் உயரமும், செட்டைக்குக் கீழே 50 சென்ரிமீற்றர் உயரமும் இருக்கவேணும் எண்டு சர்வதேச விதி சொல்கிறது. அப்ப 30 சென்ரிமீற்றர் எழுத்து எங்கட படத்தில் 31 பிக்ஸல் உயரம். தள்ளிநின்று பார்த்தால் வாசிக்கலாம், கிட்டப் போனால் விளிம்பு உடையும். 4096 பிக்ஸலுக்குப் போனால் இரட்டிப்புத் தெளிவு, ஆனால் நினைவகத்தில் நாலு மடங்கு இடம். பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் 2048உடன் நிற்பது புத்தி. எந்த அளவை எடுத்தாலும் 1024, 2048, 4096 எண்டு இரண்டின் அடுக்காகவே வைத்திருங்கோ.

பூசுவதற்கு கிம்ப் போதும். இலவசம். கோடு, எழுத்து, சின்னம் போன்றவற்றை இன்க்ஸ்கேப்பில் கீறி எடுத்தால் எவ்வளவு பெருப்பித்தாலும் உடையாது. எங்கட பிளெக்ஸ் கடைக்காரி இதில் கெட்டி. கல்யாண வாழ்த்து பனருக்குப் பாவிக்கிற அதே வித்தைதான், இங்கே வாலுக்குப் போகிறது எண்டாள்.

லேயர்களை எப்போதும் பிரித்தே வையுங்கோ. ஆக அடியில் அடிநிறம். அதற்கு மேல் பட்டிக் கோடுகள். அதற்கு மேல் எழுத்தும் சின்னமும். எல்லாவற்றுக்கும் மேல் தகட்டுக் கோடு, ஆணி, நிழல். ஆக உச்சியில் ஊத்தை. டீசி-3க்கு ஊத்தை இல்லாவிட்டால் பொம்மை மாதிரி இருக்கும். அதன் எஞ்சின் பதினாலு சிலிண்டர் வட்டமாக நிற்கிற பழைய சாதி. எண்ணெய் கக்கும், புகைக்குழாய்க்குப் பின்னால் கரி படியும். ஆனால் ஊத்தையை ஒரு கை குறைத்தே பூசுங்கோ. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிளேனையும் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார்கள்.

வெள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. கணினியில் முழு வெள்ளை எண்டால் 255. அதைப் பூசிக்கொண்டு சிமுலேற்றரின் மத்தியான வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் கண் கூசும், தகட்டுக் கோடு ஒன்றும் தெரியாது. 235 அளவில் நிறுத்துங்கோ. கறுப்பையும் பூச்சியத்துக்கு விடாதேங்கோ. காலை ஆறு மணி, மத்தியானம், பின்னேரம் எண்டு மூன்று வெளிச்சத்திலும் பார்த்துவிட்டுத்தான் நிறத்தை முடிவுசெய்யவேணும்.

எல்லாரையும் படுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. மூக்கிலிருந்து வால் வரைக்கும் யன்னல் வரிசையோடு ஓடுகிற பட்டிக் கோடு. உடலின் துண்டில் நேராகக் கீறினால் நேராகவே வரும். ஆனால் மூக்கு வேறு துண்டு, அது வளைந்தது. அங்கே நேர்கோடு கீறினால் பிளேனில் வளைந்து தெரியும். நேராகத் தெரியவேணும் எண்டால் படத்தில் வளைத்துக் கீறவேணும். எவ்வளவு வளைப்பது எண்டு பார்க்கத்தான் அந்த இலக்கக் கட்டம். ஒரு சின்னப் புள்ளி வைப்பம், சிமுலேற்றரில் பார்ப்பம், இரண்டு பிக்ஸல் கீழே இறக்குவம், திரும்பப் பார்ப்பம். எங்கட மூக்குக்கு மட்டும் மூன்று இரவு போனது. பிளெண்டர் தெரிந்தவர்கள் மொடலை அதில் திறந்து வைத்துக்கொண்டு நேரடியாகப் பார்க்கலாம், நேரம் மிச்சம்.

முதல் பூச்சுக்குக் கற்பனை லிவரி ஒன்றை எடுப்பது நல்லது. ஒருவரும் வந்து இது பிழை எண்டு சொல்லமுடியாது. நாங்கள் வாலில் ஒரு பனைமரமும் உடலில் தமிழில் பெயரும் வைத்து ஒன்று பூசினோம். தமிழ் எழுதும்போது ஒரு கவனம் வேணும். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம்மாறி விழும், ‘கொ’ எண்டு அடித்தால் கொம்பு பின்னால் போய் நிற்கும். கிம்பிலும் இன்க்ஸ்கேப்பிலும் ஒழுங்காக வரும். ஃபோட்டோஷொப்பில் தென்னாசிய எழுத்துக்கான தெரிவை இயக்கிவிட்டால் சரி. எழுதி முடித்ததும் எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கோ. பிறகு வேறு கணினியில் திறந்தாலும் உடையாது.

கீறின மூலக் கோப்பை லேயர்களோடு பத்திரமாக வைத்துக்கொண்டு, சிமுலேற்றருக்கு வேறாக ஒரு பிரதி எடுக்கவேணும். ஃபிளைற்கியரில் பிளேனின் ஃபோல்டருக்குள் மொடல்ஸ், அதற்குள் லிவரீஸ் எண்டு ஒரு ஃபோல்டர். அங்கே பிஎன்ஜி படமும், லிவரியின் பெயரையும் படம் இருக்கிற இடத்தையும் சொல்கிற ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பும் போட்டால் போதும். ஏற்கெனவே இருக்கிற ஒன்றைக் கொப்பி பண்ணிப் பெயரை மாற்றுவதுதான் சுகமான வழி. எக்ஸ்-பிளேனிலும் லிவரீஸ் ஃபோல்டர்தான். அதற்குள் உங்கட லிவரியின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒப்ஜெக்ற்ஸ். படத்தின் பெயர் மூலப் படத்தின் பெயராகவே எழுத்துப் பிசகாமல் இருக்கவேணும். நீங்கள் மாற்றாத படங்களை வைக்கத் தேவையில்லை, அவற்றை அது மூலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். மைக்ரோசொஃப்ற்றில் கம்யூனிட்டி எண்ட ஃபோல்டருக்குள் போகவேணும். படங்களை டீடீஎஸ் வடிவத்துக்கு மாற்றவேணும், உள்ளே இருக்கிற ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அளவையும் பட்டியலிட்டு லேயவுற் எண்டொரு கோப்பு வைக்கவேணும். ஒன்றை மாற்றினால் பட்டியலையும் திரும்ப எழுதவேணும், இல்லாவிட்டால் லிவரி கண்ணில் படாது. அதைத் தானாக எழுதித் தருகிற சின்னக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இவ்வளவும் கைவேலை. ஒரு மாதத்தில் பழகிவிடும். இதற்குப் பிறகு வந்ததுதான் எங்களுக்கு உண்மையான வேலை.

1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது பயணம். சீதாதேவி எண்டு பெயர் வைத்த டீசி-3 ஒன்று இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை எண்டு அப்போது சொல்லப்பட்ட பலாலியில் இறங்கி, பிறகு மதராசுக்குப் போனது. சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பலாலி ஓடுபாதையே இரண்டாம் உலகப்போர் நேரத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டது. இலங்கையின் தேசிய விமான சேவையின் முதற் பயணம் எங்கட ஊரில் நின்றுதான் போயிருக்கிறது. இது எங்களில் மூன்று பேருக்குத் தெரியாது. நாலாவது ஆளுக்குப் பொது அறிவுப் போட்டிக்குப் படித்ததால் தெரியும்.

சீதாதேவியைப் பூசுவம் எண்டு முடிவெடுத்தோம். படம் தேடினால் கறுப்பு வெள்ளை. இங்கேதான் நின்றுவிட்டோம்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பட்டி கடும் சாம்பலாகத் தெரிகிறது எண்டால் அது சிவப்பா, நீலமா? பார்த்தமாத்திரத்தில் சொல்லமுடியாது. பழைய ஓதோகுரோமற்றிக் ஃபிலிம் சிவப்பு வெளிச்சத்தை உணராது, அதில் சிவப்புப் பூச்சு கிட்டத்தட்டக் கறுப்பாகவே விழும், நீலம் வெளிறிப்போகும். பிறகு பரவலான பன்குரோமற்றிக் ஃபிலிமில் சிவப்பும் ஓரளவு பதியும். ஆகவே எந்த ஃபிலிம் எண்டு தெரியாமல் சாம்பலை வைத்து நிறம் சொல்வது குறிசொல்கிற மாதிரித்தான். அதே படத்தில் நிறம் தெரிந்த வேறு ஏதாவது நிற்கிறதா எண்டு பார்க்கவேணும். வானம், புல், ஒரு கொடி, தீயணைக்கிற வண்டி. அதோடு ஒப்பிட்டால் ஓரளவு நெருங்கலாம்.

படம் எடுத்த காலத்தைக் கண்டுபிடிக்கப் பதிவெண் உதவும். இலங்கை விமானங்களின் பதிவெண் முதலில் ‘விபி-சி’ எண்டு தொடங்கியது, பிறகு ‘சிவை’ ஆனது, அதற்குப் பிறகு இன்றுவரை ‘4ஆர்’. வாலில் அல்லது செட்டையில் அந்த முதல் எழுத்து தெரிந்தால் படத்தை எந்தக் காலத்துக்குள் போடுவது எண்டு விளங்கிவிடும். இன்னொன்று கதவு. போர்க்காலச் சரக்கு டக்கோட்டாவுக்குப் பின்பக்கம் இடப்புறத்தில் பெரிய இரட்டைக் கதவு இருக்கும். பயணிகளுக்கெண்டே செய்த டீசி-3க்கு அது இல்லை. மொடலில் ஒரு கதவும் படத்தில் இன்னொரு கதவும் இருந்தால், எவ்வளவு வடிவாகப் பூசினாலும் அது அந்தப் பிளேன் ஆகாது.

பிறகு ஆட்களிடம் கேட்கத் தொடங்கினோம். எயார் சிலோன் காலத்தில் பறந்தவர்கள், பறந்தவர்களை வழியனுப்பப் போனவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஒரு அப்பா நீலம் எண்டு சத்தியம் பண்ணினார். அவருடைய தங்கச்சி சிவப்பு எண்டார். இரண்டு பேரும் ஒரே நாள், ஒரே வேலிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்கள். “அல்பம் இருந்திருந்தால் காட்டியிருப்பன் தம்பி, 95 இடப்பெயர்விலை எல்லாம் விட்டிட்டுத்தானே போனனாங்கள்” எண்டார் அவர். இந்த வசனத்தை நாங்கள் அஞ்சாறு வீட்டில் கேட்டோம். வருசமும் சொல்லும் கொஞ்சம் மாறும், கதை ஒன்றுதான். ஒரு வீட்டில் மட்டும் ஒரு படம் இருந்தது. ஓடுபாதையில் கோட் போட்ட ஒருவர், பக்கத்தில் சேலை கட்டிய ஒருவர், பின்னால் பிளேனின் நடுப்பகுதி மட்டும். வால் வெட்டுப்பட்டிருந்தது. எடுத்தவருக்கு ஆட்கள்தான் முக்கியம், அது நியாயம்தானே.

லிவரி பூசுகிறது வெளியில் சொல்ல விளையாட்டு. ஆனால் ஒன்றைப் பூசி வெளியிட்டால் அடுத்த நாள் யாரோ ஒருவர் அதை ஓட்டிப் படம் எடுப்பார், இன்னொருவர் அந்தப் படத்தை வேறெங்கோ போடுவார். பத்து வருசத்தில் அதுவே சான்றாகிவிடும். ஒரு ஊரின் அல்பங்கள் போய்விட்ட இடத்தில் எங்கட ஊகம் போய்க் குந்திக்கொள்ளும். இதைப் பற்றி நாங்கள் நிறையக் கதைத்தோம். கடைசியில் ஒரு விதி போட்டோம். ஒவ்வொரு லிவரியோடும் ஒரு பக்கக் குறிப்பு போகும். எது படத்தில் பார்த்தது, எது ஆட்கள் சொன்னது, எது நாங்கள் ஊகித்தது எண்டு மூன்றாகப் பிரித்து எழுதுவம். நிறத்தில் சாட்சி இரண்டாகப் பிரிந்தால் இரண்டையும் பூசுவம். அப்படித்தான் சீதாதேவி எங்களிடம் இப்போது இரண்டு லிவரியாக இருக்கிறாள். அந்த அப்பாவுக்கு ஒன்று, அவருடைய தங்கச்சிக்கு ஒன்று. இரண்டையும் திரையில் காட்டினபோது அவர்கள் திரும்பவும் சண்டை பிடித்தார்கள். ஆனால் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு பிடித்தார்கள்.

இதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று பிறகு வந்தது.

எக்ஸ்-பிளேனுக்கு அன்ரனோவ் 24 ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, மிக நல்ல மொடல். அதைப் பார்த்ததும் றிசல்ற்றுக்குக் காத்திருக்கிறவன் சொன்னான், “லயன் எயார் செய்வம்.” வேறு ஒருவரும் உடனே வாய் திறக்கவில்லை. ஏ9 மூடிக்கிடந்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போக ஒன்றில் கப்பல், இல்லாவிட்டால் பலாலியில் பிளேன். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பின லயன் எயாரின் அன்ரனோவ் 24 மன்னார்ப் பக்கக் கடலில் விழுந்தது. 55 பேர் இருந்தார்கள், ஒருவரும் தப்பவில்லை. புலிகள் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தியதாகவே பதிவுகள் சொல்கின்றன. அதன் சிதைவுகள் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2012இல்தான். பதினாலு வருசம்.

எங்களில் இரண்டு பேர் பூசவேணும் எண்டார்கள். அந்தப் பிளேனில்தான் எங்கட சனம் ஆஸ்பத்திரிக்கும், விசாவுக்கும், சோதனைக்கும் போய்வந்தது. விழுந்த அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களையும் மறைக்கிறதா? மற்ற இரண்டு பேரும் வேண்டாம் எண்டார்கள். சிமுலேற்றரில் ஒரு லிவரியைக் கொடுத்தால் அதை யார் என்ன செய்வார் எண்டு எங்களுக்குத் தெரியாது. யாரோ ஒரு பெடியன் அதே பாதையில் ஓட்டி, அதே இடத்தில் விழுத்தி, அதை வீடியோவாகவும் போடுவான். ஒரு தகப்பனின் கடைசி நேரம் இன்னொருவனுக்குப் பொழுதுபோக்காகும்.

அந்தக் காலத்தில் படிப்பிக்கிற வேலைக்காக அடிக்கடி அந்தப் பிளேனில் போய்வந்த ஒரு மாமியிடம் போனோம். அவ கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தா. பிறகு சொன்னா: “படமாக் கீறி, பேரெல்லாம் எழுதி, எங்கையாவது மாட்டுறதெண்டால் மாட்டுங்கோ பிள்ளையள். ஓட்டி விளையாடுறதுக்குக் குடுக்காதேங்கோ.” கொஞ்சம் விட்டு, “உள்ளுக்கை இருந்தால் யன்னலாலை கடல் மட்டும்தான் தெரியும்” எண்டா.

நாங்கள் பூசவில்லை. வேண்டாம் எண்ட பக்கம் வென்றது எண்டு இல்லை, மாமியின் சொல்லுக்கு எதிரே எங்களிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. செய்யாமல் விடுகிறதும் ஒரு விதத்தில் மறக்கிறதுதான் எண்டு அவன் இப்பவும் சொல்கிறான். அவனுக்குக் கொடுக்கப் பதிலொன்றும் எங்களிடம் இன்னும் இல்லை. இந்த வேலையில் இறங்குகிற எல்லாருக்கும், எந்த ஊராக இருந்தாலும், இப்படி ஒரு பிளேன் வரும். அது வரும்போது கணினியை விட்டு எழும்பி, யாரிடமாவது போய்க் கேளுங்கோ.

இனி இரண்டு சின்ன விசயம். ஒருவர் பூசினதை எடுத்து நிறம் மாற்றி உங்கட பெயரில் போடாதேங்கோ. பெயின்ற் கிற் செய்தவரின் பெயரைக் குறிப்பில் எழுதுங்கோ. விமான சேவைகளின் சின்னங்கள் அவர்களுக்குச் சொந்தமானவை, இலவசமாகப் பகிர்ந்தால் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் விற்கத் தொடங்கினால் கதை வேறு. மற்றது, வேலை நடக்கிறபோதே பிரதி எடுத்து வையுங்கோ. கரண்ட் எப்ப போகும் எண்டு பிளேனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இப்போது எங்கட மேசையில் இருப்பது ஏரிஆர் 72. 2019 ஒக்டோபரில் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே அலையன்ஸ் எயாரின் ஏரிஆர் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. கொரோனாவோடு நின்று, 2022 டிசெம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. வானத்தில் ஏறக்குறைய 350 கிலோமீற்றர், சிமுலேற்றரில் ஒரு தேத்தண்ணியோடு ஓட்டி முடிக்கலாம். இந்தப் பிளேன்களுக்குச் சாட்சி தேடி அலையத் தேவையில்லை, வேலிக்கு இந்தப்பக்கம் நின்று நாங்களே படம் எடுக்கலாம். வால், மூக்கு, செட்டையின் அடி, கதவடியில் எழுதியிருக்கிற சின்ன எழுத்து எல்லாவற்றையும் எடுத்து, திகதி போட்டு வைக்கிறோம். ஐம்பது வருசம் கழித்து யாராவது நிறம் கேட்டு வந்தால் கொடுக்க.

உங்கட வீட்டிலும் ஒரு அல்பம் தப்பியிருக்கலாம். அப்பப்பா கோட் போட்டுக்கொண்டு நிற்கிற படம், பின்னால் ஒரு துண்டுச் செட்டை. அதைக் கழற்றித் தரத் தேவையில்லை, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் பிடித்தால் போதும். பின்பக்கத்தையும் பிடியுங்கோ. திகதியும் ஊரும் அங்கேதான் எழுதியிருப்பினம்.